நைனா தூங்குறாரு

நாவலூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் லாரி வந்ததா, லிஃப்ட் ஓடுகிறதா என்பதெல்லாம் அதைப் பார்த்தால்தான் தெரியும். போன வாரம் ஆறாவது மாடிப் பையன் ஒருவன் அதில் புலம்பியிருந்தான். ராத்திரியெல்லாம் வேலை, பகலில்தான் தூக்கம், வராண்டாவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகின்றன, பெற்றவர்கள் கொஞ்சம் அடக்கி வளர்க்கக் கூடாதா என்று கேட்டிருந்தான். பாவம், அவன் கேட்டதில் தப்பில்லை. உடனே ஒருவர் கட்டைவிரல் போட்டார், ஒருவர் சண்டைக்கு வந்தார், இன்னொருவர் எதையுமே படிக்காமல் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்.

நானும் ஏதோ எழுதப் போனேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிள்ளைகளை அடக்கி வளர்ப்பது பற்றி இந்தக் கட்டடத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தேவி, இளையவன் சரவணன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்தது. அந்த அமைதிக்குள்ளேயே என் மகனுடைய காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று அவனுக்கு எதுவும் கேட்காது.

அப்போது சதுரங்கப்பட்டினத்தில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். என் வீட்டுக்காரர் ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டினார். சாயங்காலம் கிளம்பினால் சிறுசேரிக்கும் நாவலூருக்குமாய் விடிய விடிய ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்கள் கிளம்பும் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். சட்டையில் டீசலும், வேன் கண்ணாடிக்கு முன்னால் தொங்குமே ஓர் எலுமிச்சை வாசனை டப்பி, அதுவும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இப்போதும் எந்த டாக்ஸியில் ஏறினாலும் அந்த வாடை மூக்கில் பட்டதும் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. டிரைவர் இரண்டு முறை 'எங்கம்மா போணும்' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வந்ததும் குளித்து, நாஸ்தா சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். சில நாள் மத்தியானம் கம்பெனி கூப்பிடும். ஒரு நடை போய்விட்டு வந்து மறுபடி படுப்பார். எப்போது தூங்குவார், எப்போது எழுவார் என்று ஒரு வரைமுறை கிடையாது. ஆரம்பத்தில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலை வழக்கத்தைவிட நேரமாகி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ண மூடுனேனா இல்லியான்னே தெர்லமே. தொறந்து பாக்கறேன், வண்டி சவுக்குத் தோப்புல நிக்கிது" என்றார். கோவளம் தாண்டி, விடியும் நேரத்தில் நடந்திருக்கிறது. ரோட்டை விட்டு இறங்கி மணலில் ஏறி, ஒரு மரத்துக்கு முழ தூரத்தில் தானாக நின்றிருக்கிறது. "பின்னால நாலு பொண்ணுங்க. தூங்கிகினு கீதுங்க. எழுந்து, வூடு வந்துடுச்சாண்ணான்னு கேக்குதுங்க. ஆமாம்மா, கொஞ்ச தூரம்தான்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அழுதார். கல்யாணமாகி அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்களின் அம்மாக்கள் எத்தனை பேர் காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களோ என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தூக்கம் கெட்டால் ஏதோ ஒரு வீட்டில் இழவு விழும் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது. இன்று நினைத்தாலும் அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் போட்டது நான்தான். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "புள்ளைங்கன்னா கத்தத்தான் செய்யும், வுடுமே" என்பார். நான் விடவில்லை. முதலில் குக்கருக்குக் கல்தா கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்தால் தெருமுனை வரை கேட்கும் என்று பிளாஸ்டிக் டம்ளர் வாங்கினேன். கதவுக் கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அவர் எழுந்த பிறகுதான் மிக்ஸி ஓடும் என்பதால், ஊரெல்லாம் காலையில் தின்கிற சட்னியை நாங்கள் சாயங்காலம் தின்றோம். காய்கறி வண்டிக்காரன் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு வருவான். அந்தச் சத்தம் தெருவில் நுழைந்ததுமே கையில் கரண்டியோடு ஓடி, அதை நிறுத்தச் சொல்லிக் கும்பிடுவேன். முதல் மாதம் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். பிறகு எங்கள் வீடு வந்தாலே அவனாகவே நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நிற்பான்.

தேவிக்கு என் தம்பி வாங்கித் தந்த கொலுசு ஒன்று இருந்தது. அடர்த்தியாக மணி வைத்தது. அவள் நடந்தால் ஒரு ஊர்வலமே போவதுபோல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து, குறடால் அந்த மணிகளை ஒவ்வொன்றாக நசுக்கி எடுத்தேன். காலை நீட்டியபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. நல்ல பிள்ளை என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு எட்டு வயது, சரவணனுக்கு மூன்று.

சரவணன் பிறந்தபோது அப்படி ஒரு தொண்டை அவனுக்கு. மதில்மேல் உட்காரும் காக்காயோடு சண்டை போடுவான். அது ஒரு முறை கத்தினால் இவன் பத்து முறை கத்துவான். அதையெல்லாம் அடக்க எனக்கு உதவியாக இருந்தவள் தேவிதான். ஏட்டம்மா என்று அவளைக் கேலி செய்வோம். தம்பி வாயைத் திறந்தாலே உள்ளங்கையால் மூடி, "டேய், நைனா தூங்குறாரு" என்று காதோடு சொல்வாள். கொஞ்ச நாளில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கன்னத்தில் கை வைத்துக் காட்டினால் போதும்.

அப்படித்தான் எங்களுக்கு என்று ஒரு கைப்பேச்சு உண்டாயிற்று. வயிற்றில் குத்தினால் பசி. சுண்டுவிரலைக் காட்டினால் ஒன்றுக்கு, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. மூக்கைத் தடவினால் கருவாட்டுக் குழம்பு. இரண்டு விரலை நடக்க விட்டால் கோட்டைக்குப் போகலாமா என்று அர்த்தம். டச்சுக்காரன் கட்டிப் பாழாய்ப் போன அந்தக் கோட்டைதான் கடலோரத்தில் பிள்ளைகளுக்குக் கத்துவதற்கென்று இருந்த ஒரே இடம். கத்தணும்னா அங்கே போய்க் கத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். முதல் வருஷம் தொண்டை கட்டிக்கொண்டு திரும்புவார்கள். பிற்பாடு அங்கே போயும் கையாலேயே பேசிக்கொள்கிறார்கள் என்று தேவி சொன்னாள். அதையும் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் டி.வி. இருந்தது. சத்தம் கிடையாது. பொம்மைப் படத்தில் பூனையும் எலியும் அடித்துக்கொள்ளும், கட்டடம் இடிந்து விழும், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்கள். சீரியலில் மாமியார் திட்டினால், என்ன திட்டுகிறாள் என்பதைத் தேவி கையாலேயே நடித்துக் காட்டுவாள். அவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை. பழகிவிட்டது. ரிமோட்டில் அந்தப் பட்டன் கடைசி வரை புத்தம் புதிதாகவே இருந்தது.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, புதுப்பட்டினத்தில் பழக்கடை வைத்திருந்தவரின் மனைவி, மனம் விட்டுச் சொல்லுவார்: "உன் புள்ளைங்கள மாரி எங்கனா உண்டா. வூட்ல ஆள் கீதா இல்லியான்னே தெர்ல." எனக்குத் தலைகால் புரியாது. நான் வேறு அப்போது ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். கத்தாத டீச்சர் என்று பெயர். டஸ்டரால் மேசையை ஒரு தட்டுத் தட்டினால் மொத்த எல்.கே.ஜி.யும் வாயில் விரலை வைத்துக்கொள்ளும். கரஸ்பாண்டன்ட் மற்ற டீச்சர்களைக் கூட்டி வந்து என் வகுப்பை வெளியிலிருந்து காட்டுவார். பிள்ளைகளின் வாயை மூடுவதுதான் படிப்பு என்று நாங்கள் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்த காலம்.

பூண்டு வதங்கும் வாசம் எல்லோருக்கும் ரசத்தையோ புளிக்குழம்பையோ ஞாபகப்படுத்தும். எனக்கு அந்த வாசம் வந்தால் சரவணனின் தலையணைதான் நினைவுக்கு வருகிறது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அடிக்கடி சளி பிடிக்கும், காதில் சீழ் வடியும். தலையணை உறையில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுப் படிந்து நாற்றம் அடிக்கும். கடலில் குதிக்கிற பையன், உப்புத்தண்ணி போயிருக்கும் என்று நினைத்தோம். "நல்லெண்ணெல பூண்டத் தட்டிப் போட்டுக் காச்சி ரெண்டு சொட்டு வுடுமே, செரியாப் பூடும்" என்றார் நூர்ஜஹான் அக்கா. அவர் பிள்ளைகளுக்கு அதுதான் மருந்து, எனக்கும் என் தம்பிக்கும் சின்ன வயதில் அதுதான் மருந்து. விட்டேன். சீழ் நின்ற மாதிரி இருக்கும், மறுபடி வரும், மறுபடி விடுவேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவான். அவன் அழவே மாட்டான். அழுதால் நைனா எழுந்துவிடுவாரே.

பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு அவனுடைய டீச்சர் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நல்ல பையன்தான் மிஸ். ஆனா கவனமே இல்ல. கூப்ட்டா திரும்ப மாட்றான்" என்றார். எங்கே உட்காருகிறான் என்று கேட்டேன். கடைசி பெஞ்சில். வாயாடிகளை முன்னால் உட்கார வைத்தால்தான் வகுப்பு நடக்கும், சத்தம் போடாத பிள்ளை எங்கே உட்கார்ந்தால் என்ன. நானும் என் வகுப்பில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதனால் மறுபேச்சுப் பேசத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, டீச்சர் சொல்வதைக் கவனி என்று கையால் சொன்னேன். சரி என்று கையால் சொன்னான்.

சரவணனுக்கு எட்டு வயது நடக்கும்போது ஒரு காணும் பொங்கல். கம்பெனிகள் லீவு, அவருக்கும் லீவு. புளிசாதமும் கரும்புமாகக் கட்டிக்கொண்டு அதே வேனில் மாமல்லபுரம் போனோம். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடற்கரையில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தோம். சரவணன் முன்னால் போனான். ஒரு டூரிஸ்ட் பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கிளீனர் பையன் பின்கதவைத் தட்டிக் கத்துகிறான். யாரோ விசில் அடிக்கிறார்கள். எதிரில் ஒரு கார்க்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. சரவணன் பஞ்சு மிட்டாய்க்காரனைப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பையன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "திமிரு, கூப்ட்டா காதுல வாங்குறதே இல்ல" என்றேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயத்துல நின்னுட்டான்" என்று நானாகச் சமாதானம் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். ரோட்டிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். "ஹாரன் அடிச்சா பயந்தவனும் திரும்புவான், குடிகாரனும் திரும்புவான், மாடுகூட ஒரு காத ஆட்டும்" என்றார். "இவன் ஒண்ணுமே பண்ணல."

சாப்பிடக்கூட இல்லை. எங்களை ஏற்றிக்கொண்டு கூட்டம் இல்லாத பக்கமாக, சவுக்குத் தோப்பு ஓரத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். சரவணனை இறக்கி, சவுக்குக் காய் பொறுக்கச் சொல்லிக் கையால் காட்டினார். அவன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். இவர் வண்டியில் ஏறி, அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஹாரனை அழுத்தினார். அந்த வேனுக்கு லாரி ஹாரன் போட்டிருந்தார். தேவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தோப்பிலிருந்த காக்காய் எல்லாம் பறந்தது. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சுண்டல்காரர் நின்று, "இன்னா அண்ணாத்த, காது ஜவ்வு பிஞ்சிடும் போல கீதே" என்று திட்டினார். என் மகன் காய் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

இவர் கையை எடுக்கவே இல்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு நொடியில் காக்காய்கள் தலைக்கு மேல் பறப்பதைப் பார்த்து அவன் நிமிர்ந்தான், பிறகு திரும்பி எங்களைப் பார்த்தான். நைனா அழுகிறார், அக்கா அழுகிறாள், அம்மா சிலையாக நிற்கிறாள். தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டான். கையிலிருந்த காய்களைக் கீழே போட்டுவிட்டு, அவசரமாக விரலை வாயில் வைத்துக் காட்டினான். நான் சத்தமே போடவில்லை என்று எங்களுக்குச் சொல்கிறான்.

செங்கல்பட்டில் ஒரு காது டாக்டரிடம் போனோம். பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறானா என்றார். எங்கள் வீட்டில் டி.வி.க்குச் சத்தமே கிடையாது என்றேன். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வருமா என்றார். கூப்பிட மாட்டோம், போய்த் தொடுவோம் என்றேன். கொஞ்ச நாளாகக் கத்திக் கத்திப் பேசுகிறானா என்றார். எங்கள் வீட்டில் யாரும் கத்திப் பேசுவதில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல வாய் பேச முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் இவர். "நான் நைட்டு வண்டி ஓட்டறவன்."

ஒரு தாய்க்குப் பிள்ளையின் காது மந்தமாவது எப்படித் தெரியாமல் போகும் என்று இன்றுவரை எங்கள் உறவில் கேட்கிறவர்கள் உண்டு. மற்ற வீடுகளில் எதைவைத்துத் தெரிந்துகொள்வார்களோ அது ஒன்றையும் நான் என் வீட்டில் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்குப் பொறுமையும் இல்லை. இரண்டு காதிலும் சீழ் உள்ளே போய் எலும்பை அரித்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இடது காது போனது போனதுதான் என்றார்கள். வலது காதில் பாதி மிச்சம் இருந்தது. அதற்கு மெஷின் மாட்டினார்கள். இருப்பது எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது, சளி பிடிக்காமல், தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்தப் பாதிக் காதுதான் அதற்குப் பிறகு எங்களுக்கு இருந்த ஒரே கவலை.

இவர் நைட் வண்டியை விட்டார். ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். பகல் தூக்கம் இல்லை, ராத்திரி தூக்கமும் வரவில்லை. அவ்வளவாகப் பேசாத மனுஷன், பேச ஆரம்பித்தார். மகனின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். ரோட்டில் பார்த்தது, பெட்ரோல் பங்கில் சண்டை, வேனில் வாந்தி எடுத்த யு.கே.ஜி. பையன் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். பேசுகிற பேச்சை எல்லாம் அந்தக் காது இருக்கும்போதே உள்ளே போட்டுவிட வேண்டும் என்கிற வேகம். "நைனா, போதும், பேட்டரி தீந்துடும்" என்பான் சரவணன். தேவியும் பேசினாள். அவளுக்குப் பேச்சென்றால் தம்பியைத் திட்டுவதுதான். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு ஓடியதற்குத் திட்டு, மழையில் நனைந்ததற்குத் திட்டு. மாறி மாறி இரண்டும் கத்திக்கொள்ளும். எங்கள் வீட்டில் முதல் முறையாகத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் வந்தது.

எனக்குத்தான் வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. அடுப்படியில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போவேன், தொண்டை வரை வந்து காற்றாகத்தான் வெளியே போகும். அத்தனை வருஷம் பூட்டிவைத்த குரல், திறக்கத் தெரியவில்லை. அந்த மெஷின் வேறு, ஓங்கிச் சொன்னால்தான் வாங்கும், என்னுடையதுபோல் மெல்லிய குரலை இரைச்சலாக்கிவிடும். "அம்மா, நீ கைல சொல்லு, புரீது" என்பான். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. பரீட்சை எப்படி எழுதினாய், இன்னொரு தோசை வேண்டுமா, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று எல்லாம் கையால்தான். ஒரு பேச்சு விட்டுப்போனதாக இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தேவிக்கு நாவலூரில் வேலை கிடைத்ததும் எல்லோரும் இங்கே வந்துவிட்டோம். இவர் இப்போது பகலில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். சரவணன் செங்கல்பட்டில் காலேஜ் முடிக்கிற வருஷம், அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில், காய்ச்சலும் தலைசுற்றலுமாகப் படுத்தான். வலது காதில் மறுபடி சீழ் பிடித்து உள்ளே போய்விட்டது, மூளைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். உயிரா காதா என்று நின்றபோது இவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கண் விழித்ததும் சரவணன் மேலே பார்த்தான்.

"ஃபேன் ஓடுதா?" என்று கேட்டான்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அந்த ஃபேனையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே வைத்துத் தைக்கிற கருவி ஏதோ இருக்கிறதே என்று சென்னையில் பெரிய பெரிய டாக்டர்களிடம் அலைந்தோம். உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது, வைக்க வழியில்லை என்றுவிட்டார்கள். இவர் பழக்கதோஷத்தில் இன்னும் அவனுக்கு வலது பக்கமாகவே போய் உட்காருகிறார். எங்கள் கைப்பேச்சு அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. உட்கார்ந்தபின் ஞாபகம் வந்து போனை எடுத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக் காட்டுகிறார். யு.கே.ஜி. பையன் கதையெல்லாம் அதில் எழுத முடியாது. 'சாப்டியா' என்று எழுதுவார். சதுரங்கப்பட்டினத்து வீட்டை இடித்துவிட்டார்களாம். நூர்ஜஹான் அக்கா போனில் சொன்னார். போகட்டும், அந்த வீட்டின்மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

வீட்டிலேயே கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை சரவணனுக்கு. மத்தியானத்தில் பால்கனியில் வந்து நிற்பான். இந்த வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது நான் துணி எடுக்கப் போனேன். ஆறாவது மாடிப் பையனின் செய்தி மனதில் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ, ரொம்ப நாளாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்ததை அவனிடம் கையால் கேட்டேன். எங்கள் குரலெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அவன் வாயால் பதில் சொன்னான். இப்போதெல்லாம் அவன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ஒரே மட்டமாக வருகிறது.

"நைனாது நல்லா ஞாபகம் கீது. அந்தக் கட்டத் தொண்ட. அக்காது கீது, நெறைய திட்டிகீறா இல்ல. நூர்ஜஹான் அத்த சிரிக்கிறதுகூடக் கீது." கொஞ்சம் யோசித்தான். கண்ணைச் சுருக்கித் தேடுகிறான் என்று தெரிந்தது. "உன்னுதுதாம்மா வர்ல. நீ பேசி நான் கேட்ட மாரியே இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. தனக்குள் தேடிப் பார்த்தான், இல்லை, அதைச் சொன்னான். பிறகு எதிர் மாடியில் யாரோ பட்டம் விடுவதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

துணிக்கூடையைக் கீழே வைத்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "சரவணா" என்று கூப்பிட்டேன். வந்துவிட்டது. அத்தனை வருஷம் வராத சத்தம் எங்கிருந்தோ கிழிந்துகொண்டு வந்தது. எனக்கே அது யார் குரலோ போல இருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். அவன் பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த தேவி, ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டபடி ஓடி வந்தாள். என்னையும் தாண்டி வாசற்கதவைப் பார்த்தாள்.

"யாரும்மா அது கத்துனது, பக்கத்து வூட்லயா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.